வளர்ச்சி இல்லை

மூன்று புட்டி ரத்தம் வேண்டும்.
இடக்கையில் நரம்பு சிக்கவில்லை, வலக்கையிலும்.
லிட்வின்தான் போர்வையை விலக்கி
கணுக்காலுக்கு மேல் ஒரு நீலக்கோட்டைக் காட்டினான்.
"இங்கன கிடைக்கும். இத நான் தொட்டதில்ல."
எதற்காக மிச்சம் வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சிமடத்துக்காரன். ஐஸ் உடைக்கிற வேலை.
பதினோரு நாளாய்க் காய்ச்சல்,
இருமினால் விலாவுக்குள் கத்தி.
டெங்கு பார்த்தோம், மலேரியா பார்த்தோம்.
எக்கோ எடுத்த பிறகுதான் தெரிந்தது:
வலப்பக்க வால்வின் இதழ் ஒன்றில்
பாசி போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது,
திறந்து மூடும் கதவில் தொற்றிக்கொண்டு
பிய்ந்து பிய்ந்து
நுரையீரலுக்குப் போய்க்கொண்டு.

எங்கள் பக்கம் கடல் இரண்டு.
தெற்கே ஆண்கடல், அடிக்கும்.
வடக்கே பெண்கடல், சத்தம் போடாது,
சேறும் பாசியும் தங்குவது அங்கேதான்.
நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் போல.
ஊசிவழி வந்தது கரையேறியது
அமைதியான பக்கத்தில்.

நான்காம் நாள் புட்டி கலங்கியது.
தட்டில் வளர்ந்தது வழக்கமான கிருமி இல்லை.
குண்டூசித்தலை அளவுகூட இல்லாத புள்ளிகள்
அகாரைக் குடைந்து உட்கார்ந்திருந்தன,
ஈரமணலில் நண்டுவளை மாதிரி.
மூடியைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் வாசம்.
புத்தகத்தைப் புரட்டினேன்.
பல்லிடுக்கில் குடியிருப்பதாம்.
வாயோடு இருந்துவிட்டால் பெரிய தொல்லை இல்லையாம்.
இதற்கு இதயத்தில் என்ன வேலை?

டாக்டர் கேட்டபோது சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"குத்துறதுக்கு முன்னால ஊசிய நக்கிக்குவேன் சார்.
சுத்தமா இருக்கட்டும்னு."

சிரிக்க வாயெடுத்த பயிற்சி மாணவன்
சிரிக்கவில்லை.

ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.
அவன் அக்கா பிரகாசி விரல்விட்டு எண்ணினாள்.
தடைக்காலம் அதற்குமுன் முடிந்துவிடும்.
படகுகள் இறங்குகிற ராத்திரி
படுக்கை காலி.
கையில் கான்யுலாவோடு போயிருக்கிறான்,
ஒரு கதவைத் திறந்தே வைத்தபடி.

அவனுடைய கடைசிப் புட்டி மட்டும்
இன்குபேட்டருக்குள் இருந்தது,
முப்பத்தேழு டிகிரியில்,
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூட்டில்.
ஐந்து நாள் பார்த்தேன். கலங்கவே இல்லை.
'வளர்ச்சி இல்லை.'
எங்கள் மேசையில் இதைவிட நல்ல செய்தி கிடையாது.
கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினேன்.
பதினேழாம் கட்டிலில் வேறு பெயர் என்று
திரும்பி வந்தது.

கிழிக்கவில்லை.
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
அவன் தொடாமல் வைத்திருந்த
அந்த ஒரு நரம்பைப் போல.