நாற்பத்திரண்டு வரிகள்

நெவேனா முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்:
அரசனுக்குக் கைபேசி கொடுக்க மாட்டேன்.
கோட்டு சூட்டும் கிடையாது.
அதைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்க வேண்டாம்,
டிராலி பஸ் ஏறினால் போதும்.

துணிக்கிடங்கிலிருந்து பூச்சி அரித்த
அதே பழைய அங்கிகள் வந்தன.
ருசே நகரத்து மேயரின் ஆட்கள் நிம்மதியானார்கள்.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து
நான்காம் அங்கத்தில்
தூதன் சொல்லும் போர்ச் செய்தி முழுவதையும் அடித்தாள்.
பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பகுதி.
எதுகை தவறாமல் தலைகள் உருளும்.

லூபென் அதற்காகவே தாடி வளர்த்திருந்தான்.
'அப்போ நான் என்ன செய்ய?'
'ஓடி வா. நில். தண்ணீர் கேள், குடி.
அரசி உன் முகத்தைப் பார்க்கட்டும்.'
'எவ்வளவு நேரம்?'
அவள் என் பக்கம் திரும்பினாள்.

நான் மேடைக்கு அடியில் இருப்பவள்.
ஆமை ஓடு மாதிரி ஒரு மரக்கூண்டு,
ஒரு பல்பு, பிரதி, கம்பளிச் செருப்பு.
மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது பிழைப்பு.
பதினோரு வருஷத்தில்
முகங்களைவிட முழங்கால்களே எனக்குப் பழக்கம்.

'நீ வாசி' என்றாள். 'சத்தம் வராமல்.
வெட்டியதில் ஓர் எழுத்து விடாமல்.
முடித்து நீ விரல் தூக்கும் வரை அவன் குடிப்பான்.
சொல்லை எடுத்துவிட்டேன்.
அதன் நேரம் அங்கேயே கிடக்கட்டும்.'

முதல் வாரம் இருமல்.
மடிக்கு மடி நீல வெளிச்சம்.
மூன்றாம் வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து
விட்டுப்போன வரிகளைத் தானே சொல்ல ஆரம்பித்து
ஒன்பதாவதில் தடுக்கி
உட்கார்ந்துவிட்டார்.
'தூதனுக்குத் தாகம் தீர்ந்தது, நமக்கு?'
என்று எழுதியது பத்திரிகை.
நெவேனா அதைக் கத்தரித்து
டிக்கெட் ஜன்னலில் ஒட்டினாள்.

நவம்பர்.
டான்யூபின் மூடுபனி கோட்டுகளோடு ஒட்டிக்கொண்டு
அரங்குக்குள் வந்த ஒரு வியாழன்.
இருபத்தாறாம் வரியில்தான் தூதன்
அரசியின் கடைசி மகன் பெயரைச் சொல்வான்.
கண் வழுக்கியது எனக்கு.
அந்த வரியையே மறுபடி வாசித்துவிட்டேன்.

லூபெனின் குவளையில் தண்ணீர் தீர்ந்திருந்தது.
காலிக் குவளையை
உதட்டிலிருந்து எடுக்கத் தெரியாமல் நிற்கிறான்.
இடது முழங்கால் நடுங்குகிறது.

மாடியிலிருந்து ஒரு பெண்,
கத்தவில்லை, அடுக்களையிலிருந்து கேட்பது போல,
'சின்னவனுமா?' என்றாள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அரசியாக நின்ற ஸ்வெத்தா தரையில் உட்கார்ந்தாள்.
பிரதியில் அப்படி ஒன்று இல்லை.
எனக்கு இன்னும் பதினாறு வரி பாக்கி இருந்தது.
வாசித்தேன்.

மறுநாள் திட்டு விழும் என்று சீக்கிரமே வந்து
கூண்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தேன்.
நெவேனா குனிந்து பிரதியைக் கேட்டாள்.
அந்த வரியின் ஓரத்தில் எழுதினாள்:
இரண்டு தடவை.

லூபென் பெரிய குவளை கேட்டான்.
கொடுக்கவில்லை.