சுற்று எண் ஏழு

சாந்த்-அந்த்ரே தபால் நிலையத்தில்
நான் பையைக் கட்டும்போது மணி ஆறரை.
மஞ்சள் மோட்டார் சைக்கிளில்
ஐரோப்பாவைச் சுற்றிவர எனக்கு
மூன்று மணி நேரம் போதும்,
மழை இல்லாவிட்டால்.

முதலில் சார்லமேன் தெரு.
பாதிக் கண்டத்தை ஆண்டவருக்கு
இங்கே பதினோரு வீடு, ஒரு டயர் கடை.
எழுதப் பழகப் படாதபாடு பட்டாராம் பேரரசர்,
தலையணைக்கு அடியில் பலகை வைத்துக்கொண்டு.
ஒன்பதாம் எண் திருமதி கிரோண்டேனும்
பதிவுத் தபாலுக்குப் பெருக்கல் குறிதான் போடுகிறார்.
அவருக்குத் தெருதான் இல்லை.

பாஸ்தர் தெருவில் ஐந்து நாய்கள்.
வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டவர் பெயரில் வாழ்கிறோமென்று
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.
என் கெண்டைக்காலில் சான்று இருக்கிறது.

ழான் தார்க் சந்தில்
வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே போவேன்.
பத்தொன்பது வயதில் கொளுத்தினார்கள்.
என் மகளுக்கு வரும் மார்ச்சில் பத்தொன்பது.
கரும்புத் தோகை எரியும் நாட்களில்
அந்தச் சந்துக்கு நான் கடைசியில்தான் போவது.

பொனபார்ட் தெரு ஏற்றம்.
சில ஆண்டுகள் இந்தத் தீவுக்கே அவர் பெயர்தான்.
அடிமைகள் அடிமைகளாகவே இருக்கட்டும் என்று
ஒப்பமிட்ட கை
படங்களில் சட்டைக்குள் போயிருக்கிறது.
வெட்கமாக இருக்காது.
வயிற்றுவலி என்கிறார்கள்.

காரைக்காலில் வைத்திலிங்கமாய்க் கப்பலேறியவர்
இங்கே இறங்கியபோது வேத்திலேங்கோம்.
என் சட்டையில் தைத்திருப்பதும் அதுதான்.
ஒரு சந்துகூட அந்தப் பெயரில் இல்லை, எந்த எழுத்துக்கூட்டிலும்.

போன வருடம் கரும்பு வெட்டி
ஒரு பாதை போட்டார்கள். பன்னிரண்டு வீடு.
பெயர் கேட்டு நகராட்சிப் படிவம் வந்தது:
'முன்மொழியப்படுபவர் இறந்தவராக இருக்க வேண்டும்.
சாதனை, மூன்று வரிக்குள்.'
மாரி-ரோஸ் சினிமாலே வீட்டுச் சமையலறையில்
பன்னிரண்டு குடும்பமும் இரவெல்லாம் சண்டை.
கடைசியில் என்னிடம் நீட்டினார்கள்.
பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டேன்.
சாதனைக் கட்டத்தில் எழுதினேன்:
'பெயர் இல்லாமலே ஏழு மாதமாய்
கடிதங்கள் சரியாக வருகின்றன.'

செவ்வாய்க்கிழமை பலகை வந்தது.
நீல எனாமல், வெள்ளை எழுத்து:
சார்லமேன் தெரு, நீட்சி.

போர் இல்லை, தூதர் இல்லை.
ஒரு ஏணி, நான்கு திருகாணி;
பேரரசு பன்னிரண்டு வீடு பெருகியது.

எனக்கு நான்கு நிமிடம் கூடுதல்.