எண்பலகைக்குக் கீழே

இந்த ஊரில் மின்கம்பங்களுக்குச் சட்டை உண்டு.
ஆஸ்திரேலியாவில் மக்லீன்,
கிளாரன்ஸ் ஆறு கரும்புக்குள் திரும்பும் இடம்.
கம்பத்துக்கு ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பம்:
அவர்களுடைய டார்ட்டன் கட்டம்,
அடியில் அவர்கள் பெயர்.
மாற்றலாகி வந்த முதல் வாரம்
கைலிக்கடை விளம்பரம் என்றே நினைத்தேன்.

என் வேலை கம்பங்களைத் தட்டிப் பார்ப்பது.
நல்ல மரம் டண் என்னும்.
மக்கிஸாக் கம்பம் பொத் என்றது.
துளைத்தேன். மாவு கொட்டியது.
கறையான்.
உள்ளே வேறொரு குலம் குடியேறி வெகுநாளாகியிருந்தது.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள்.
ஈஸ்டருக்குத்தான் விழா:
பைக்குழல் அணிகள், வாள்மேல் நடனம்,
முழு மரத்தைத் தூக்கி எறியும் போட்டி.
முழு மரத்தை நானும்தான் தூக்குகிறேன், கிரேன் வைத்து.
யாரும் கைதட்டியதில்லை.

புதுக் கம்பம் நட்டோம்.
குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறவன்போல்
தெருமுனையில் நின்றது.

மாலையில் இருவர் வந்தார்கள்,
தனித்தனிக் காரில், தனித்தனி டப்பாக்களோடு.
ஊனா மக்கிஸாக்,
சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம்.
தம்பி டௌகல், இறால் பிடிப்பவர்,
காது மடலில் வெயில் தின்ற தழும்பு.
சிவப்பில் தகராறு இல்லை. கறுப்பில் இல்லை.
பச்சையில் வந்தது.

"பாசிப் பச்சை" என்றார் ஊனா,
எடின்பரோவிலிருந்து வரவழைத்த துணித்துண்டைக் காட்டி.
"பாட்டில் பச்சை" என்றார் டௌகல்.
ஆதாரத்தை இடுப்பிலேயே கட்டியிருந்தார்: அப்பாவின் கில்ட்.
"அது வெளுத்த பச்சை."
"உன்னுடையது விலைக்கு வாங்கிய பச்சை."

நான் ஏணியில் நின்று ஆற்றைப் பார்த்தேன்.
ஒரு குடும்பம் உடுத்தும் நிறத்தில்
மூன்றாம் மனுஷன் வாய் வைக்கக் கூடாது.
கல்யாணப் புடவைக் கடையில் பட்ட பாடு.

எங்கோ ஒரு கொட்டகையில் யாரோ பைக்குழல் பழகினார்,
ஒரே திருப்பத்தில் ஏழாவது முறையாய்த் தடுக்கினார்.
நாகஸ்வரம் மாதிரியா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள்.
இல்லை.
அதை ஒரு மனுஷன் ஊதுகிறான் என்று தெரியும்.
இது ஒரு ஆடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல்
தடுக்கினாலும் நிற்பதில்லை.

பழைய கம்பம் புல்லில் கிடந்தது.
எண்பலகையைக் கழற்றினால்தான் அதன் கணக்கு முடியும்.
நான்கு ஆணி. நெம்பினேன்.

உள்ளங்கை அகலம்.
வெயில் படாத ஒரு சதுரம்.
முதல் நாள் பூசிய பச்சை.

பாசி இல்லை, பாட்டிலும் இல்லை.
கிளிக்கும் கடலுக்கும் நடுவே
கூச்சமே இல்லாத ஒரு பச்சை.

டௌகல் மண்டியிட்டார். நகத்தால் சுரண்டி
மோந்து பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து
என்ன வாசனை இருந்துவிடும்?
"மோராக்" என்றார்.
ஊனா வாயைப் பொத்திக்கொண்டார்.

யார் மோராக்? நான் கேட்கவில்லை. டௌகலே சொன்னார்:
"அப்பாவின் படகு.
அடிப்பலகைக்கு வாங்கியதில் மிச்சம்."
"கஞ்சன்" என்றார் ஊனா.
பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல்
புதுக் கம்பத்தை ஆளுக்கொரு பக்கம்
பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஏறியது ஊனாவின் பாசிதான்.
விழாக் குழுவின் புத்தகத்தில் இருப்பது அதுவே.
டௌகல் நாடா ஒட்டினார், கோணலாய்;
ஊனா உரித்து ஒட்டினார்.
பழந்தின்னி வவ்வால்கள் கரும்புக்கு மேல் போகும் நேரம்
தூரிகையைக் கழுவினார்கள்.

மறுநாள் எண்பலகை அடிக்கப் போனேன்.
டௌகலின் வண்டி முன்பே நின்றிருந்தது.
துருப்பிடித்த சின்ன டப்பா ஒன்றை
ஜன்னல் வழியே நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

பலகை மறைக்கும் இடத்தில்
உள்ளங்கை அகலத்துக்குப் பூசினேன்.
காயும்வரை இரண்டு பேரும் டீ குடித்தோம்.
நான்கு ஆணி.

விழா நாளில் மக்கிஸாக்குகள் பதினேழு பேர்
அந்தக் கம்பத்தடியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.
பதிவேட்டில் எழுதினேன்:
கம்பம் 41067. மாற்றப்பட்டது.
குறிப்பு: ஒன்றுமில்லை.