திமில்

வாங்குகிறவர் இருப்பது ஹாம்பர்க்கில்.
அவருடைய கம்ப்யூட்டருக்குச் சொற்களின் நடுவே
இடைவெளி ஆகாது.
ஒட்டி நிற்கும் சொற்களில் இரண்டாவது
தலை தூக்கியிருக்க வேண்டும்.
ஒட்டகம் என்று அதற்குப் பெயராம்.
திருப்பூரில் யார் ஒட்டகம் கண்டோம்?
காங்கேயம் காளையின் திமில் என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் எல்லாமே சின்ன எழுத்து.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே, கீழே,
தரையில் விழுந்த நூல்துண்டு மாதிரி ஒரு கோடு.
பதினோரு வருடம் முன் இப்படி எழுதிவைத்த ராசலிங்கம்
இப்போது பல்லடத்தில் கோழித்தீவனம் விற்கிறார்.
போன் போட்டால்
"அதெல்லாம் மறந்து போச்சுங்."

பத்தொன்பது வரி எழுதினேன்.
பெரிய எழுத்தைக் கண்டால் அங்கே வெட்டு,
கோட்டைப் போடு, தலையைக் குனியவை.
திரும்பிப் போகையில் கோட்டை எடு,
அடுத்து நிற்பதை நிமிர்த்து.
கை நீளம் போனது, மார்பளவு போனது,
கழுத்துப்பட்டி, சாய எண், எல்லாம்
போய் வந்தன.

பிறகு துணியின் எடை வந்தது.
துணிக்குப் பின்னால் ஜி, எஸ், எம்,
மூன்றும் விறைப்பாக நிமிர்ந்து.
ஒரே காளைக்கு மூன்று திமில்.
என் நிரல் மூன்று இடத்திலும் வெட்டியது.
ஜி கோடு எஸ் கோடு எம்
என்று எங்களிடம் எந்தக் கட்டமும் இல்லை;
எடைக்கு நேராகப் பூஜ்யம் விழுந்தது.

பின்னல் கொளந்தசாமி
ஆர்டர் தாளோடு மாடியேறி வந்தார்.
"ஏனுங் அம்மிணி,
காத்துல பனியன் பின்னச் சொல்லுதுங்களே
உங்க மிசினு?"

சித்தெ நேரம் அவரே உட்கார்ந்து
என் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.
தறிகள் நின்றிருந்தன. அப்படியொரு அமைதியில்
எனக்குப் பள்ளிக்கூட இலக்கணம் நினைவு வந்தது.
பருத்தியும் துணியும் சேரும்போது
நடுவில் ஒரு 'த்' முளைக்கும்.
யாரும் தலை தூக்குவதில்லை,
யாரும் கோடு கிழிப்பதில்லை.
நம் எழுத்தில் பெரிசு சிறிசே கிடையாது பார்
என்று இன்பவள்ளியிடம் பீற்றினேன்.

அவள் சம்பளப் பட்டியலை என் பக்கம் திருப்பினாள்.
முதல் தாளில் பெயருக்கு முன்னால் திரு இருந்தது,
பின்னால் வாலும் இருந்தது.
பிசிர் வெட்டுகிறவர்களின் தாளில்
ருக்கு
மாரி
இன்னொரு மாரி.

ராத்திரி பத்தரைக்கு விதியை மாற்றினேன்:
அடுத்தடுத்து நிமிர்ந்து நிற்பவை
ஒரே கூட்டம், வெட்டாதே.
எடை வந்துவிட்டது, நூற்றெண்பது கிராம்.
கீழே தறி ஓடத் தொடங்கி
என் மேசை மெல்ல அதிர்ந்தது.

ஆனால் திரும்பிப் போகும்போது
ஜி மட்டும் நிமிர்ந்தது.
எஸ்ஸும் எம்மும் குனிந்தபடி.
யார் யார் முன்பு நிமிர்ந்திருந்தார்கள் என்று
அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்?
ஹாம்பர்க் திருப்பி அனுப்பியது.

வேறு வழியில்லாமல் தனியாக ஒரு பட்டியல் போட்டேன்,
விதிக்கு அடங்காத பெயர்கள் என்று.
இதுவரை மூன்று. நாலாவது
எந்த ஆர்டரில் வருமோ.

விடியும் முன் எனக்கு என்னவோ தோன்றி
இன்னொரு மாரியின் முழுப் பெயரைக்
கேட்டு வரச் சொன்னேன்.
இன்பவள்ளி கீழே போய்
வெகுநேரம் கழித்து ஏறி வந்தாள்.

"எதுக்குங் கேக்கறீங்க,
வேலையை விட்டு நிறுத்தறீங்களா?"
என்றாளாம்.