நின்ற பிறகும்

பஞ்சிகாவத்தையில்
ஒரு நாள் வாடகைக்கு எடுத்த மெஷின்.
"ஒண்டுமில்ல அக்கா, கயித்த இழுங்க, பாயும்"
என்றான் கடைக்கார இம்தியாஸ்.
என் அடையாள அட்டையை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான்.
பாயும் என்ற அந்தச் சொல்
ஆட்டோவில் என் மடிமேல் இருந்து
வெல்லம்பிட்டி வரைக்கும் வந்தது.

வெள்ளம் வடிந்து பதினொரு நாள்.
மதிலில் இடுப்பளவுக்குச் சேறு
காய்ந்த பாண் தோலாய் வெடித்திருக்கிறது.
கரண்ட் இன்னும் இல்லை,
அதனால்தான் பெற்றோலில் ஓடுவதைக் கேட்டேன்.
இல்லாவிட்டாலும் மீற்றர் பெட்டிப் பக்கம்
தண்ணீர் அடிக்கப்போவதில்லை.
கரண்ட் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

எண்ணெய்க் குச்சியை உருவி, துடைத்து, திரும்ப விட்டு
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பிறகு தண்ணீர்.
விசையை அமுக்கியபடியே குழாயைத் திறக்க
இருமியது, காறியது,
வயிற்றுக் காற்றெல்லாம் போய்
ஒரு சீராய் ஒழுகத் தொடங்கியது.
அதற்குப் பிறகுதான் கயிற்றில் கை வைத்தேன்.

நீளச் சப்பாத்து, கண்ணாடி, தடித்த கையுறை.
"ஒப்பரேஷனுக்கே போறாய்?"
சீலன் சிரித்தான்.

ஒப்பரேஷன் அறையில்தான் எனக்குப் பதினாறு வருஷம்.
ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் வந்தார்,
சுட்டுவிரலில் ஊசி குத்தியமாதிரி ஒரு புள்ளி.
இரத்தம்கூட இல்லை.
முனை அடைத்திருக்கிறதா என்று
விரலை வைத்துப் பார்த்தாராம்.
பிளாஸ்டர் ஒன்று தாங்கோ மிஸ், போகவேணும் என்றார்.
புள்ளிக்குள்ளால் புகுந்த தண்ணீர்
மணிக்கட்டுவரை போயிருந்தது.
இரவு, உள்ளங்கையைத்
திறந்தோம்.

பெட்டியில் நாலு முனை.
சிவப்பை எடுத்து என் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தேன்.
வெள்ளையே போதும், சேறுதானே,
அது எங்களுக்கு எதிரி இல்லை.

துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளியது.
கால் அகட்டி நின்றேன்.
மதில் தன் நிறத்தைச் சாண் சாணாகச் சொன்னது:
மஞ்சள். மஞ்சளா பூசியிருந்தோம்?

பாதி மதிலில் மழை.
சீலன் கைபிடியைப் பிடித்து
ஓடிக்கொண்டிருந்த மெஷினை உருட்டினான்.
"கராஜுக்குள்ள நிண்டு அடிப்பம்.
ஷட்டர் திறந்துதானே கிடக்கு."

கராஜுக்கு மேலே வாடகைக்கு இருக்கிற லக்மாலி,
அவளுடைய ஐந்து மாதப் பிள்ளை
இந்த நேரம் நித்திரை.
அந்தப் புகைக்கு மணம் போதாது,
எழுப்பாது, இருமவும் வைக்காது.
ஷட்டர் இருப்பது அதற்குத் தெரியாது.

நான் சுவிட்சை அணைத்தேன்.

சத்தம் போனதும்
மழைச் சத்தம் மட்டும்.
சைலன்சரில் ஒவ்வொரு துளியும்
'ஸ்ஸ்' என்று கோபித்துக்கொண்டது.
"எண்டா நிக்கிற நேரம் பெற்றோலையாவது விடுவம்"
கானைத் தூக்கினான்.
அதையும் வாங்கி மதிலோரம் வைத்தேன்.
"ஆறட்டும்."
அவன் முகம் திருப்பிக்கொண்டான்.
எங்களுக்குள் இது புதிதில்லை.

குழாயை மூடினேன்.
துப்பாக்கியை நிலத்துக்குக் காட்டி விசையை அமுக்கினேன்.
நின்ற பிறகும் உள்ளே கொஞ்சம் இருக்கும்.
ஒரே பாய்ச்சல், சல்லிக்கல் தெறித்து
அவன் செருப்பில் பட்டது.
"நிப்பாட்டியாச்செண்டாய்?"
"நிப்பாட்டினதுதான்."

நனைந்துகொண்டு நின்றோம்,
ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சேறு.
கனநேரத்துக்குப் பிறகு
என்னைப் பார்க்காமலே கேட்டான்,
"அந்தாளுக்கு விரல் இருந்ததா?"

"பெருவிரல் இருந்தது.
சின்னவிரலும்."