கல்லில்லாத சுவர்

இந்த நாட்டுச் சுவருக்குள் கல் இல்லை.
இரண்டு அட்டை, நடுவில் இருட்டு,
கொஞ்சம் மஞ்சள் பஞ்சு.
ஊரில் சுவருக்குக் குத்தினால் கைதான் உடையும்.
டண்டினோங்கில்
சுவர் உடைகிறது.

பதினாறு வயதுக் கைக்கு
அது பெரிய ஏமாற்றம்.
மணிக்கட்டுவரை உள்ளே போன தன் கையை
நிதுசன் பார்த்துக்கொண்டே நின்றான்,
உள்ளிருந்து யாரோ பிடித்துவைத்திருப்பதுபோல.

நான் சொன்னது இவ்வளவுதான்:
"போனை வைச்சிட்டுச் சாப்பிட வா."

இவ்வளவுதான் இல்லை.
அன்று பின்னேரம் விசாக் கடிதம் வந்திருந்தது.
இன்னும் ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்று.
பத்து வயதிலிருந்து
எங்கள் கடிதங்களை அவன்தான் வாசிக்கிறான்.
இந்த வீட்டில்
கெட்ட செய்திகள் எல்லாவற்றுக்கும்
அவன் குரல்தான்.

ஓட்டைக்கு மேல் கடை நாட்காட்டியை மாட்டினேன்.
யாரும் நாட்காட்டி மாட்டாத உயரம்.
மூன்று கிழமை
முருகனுக்கு முன்னால் குனிந்துதான்
தேதி பார்த்தோம்.
யாரிடமும் சொல்லவில்லை.
வெட்கம் என்பது
ஆணியில் தொங்கும் ஒரு பளபளப்புத் தாள்.

பிறகு வீட்டு ஏஜன்டின் கடிதம்.
அதையும் அவன்தான் வாசித்தான்.
"வீடு பார்க்க வருகினம். இருபத்துமூன்றாம் தேதி."
கடைசிச் சொல்லில் குரல் தேய்ந்தது.

அடுத்த நாள் பள்ளியில்
மரவேலை வாத்தியாரிடம் போயிருக்கிறான்,
சுவரில் ஓட்டை விழுந்தால் எப்படி அடைப்பது என்று கேட்க.
ஸ்டாவ்ரோஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்:
வலைத்துண்டு, பூச்சு, அரத்தாள்.
பிறகு அவன் விரல் மொளிகளைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
நடைவழியின் கடைசி அறைவரை
கூடவே நடந்தார்.

அந்த அறையில் ஃபெரெஷ்தா இருந்தாள்.
அவள் கேட்டாளாம்:
உங்கள் வீட்டு மொழியில் கோபத்தை எப்படிச் சொல்வீர்கள்?
யோசித்துவிட்டுச் சொன்னானாம்:
நாங்கள் கோபமாக இருப்பதில்லை மிஸ்.
எங்களுக்குக் கோபம் வரும்.
"எந்த வழியால் வரும்?"

காரில் இதைச் சொல்லிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
"முதல்ல காதுக்குப் பின்னால சுடும் அம்மா.
பிறகு பல்லு இறுகும்.
கைக்கு வர
பத்துச் செக்கனாவது எடுக்கும்."
எனக்கு எந்த வழியால் வருகிறது?
பச்சை விழுந்ததும் தெரியவில்லை.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

சனிக்கிழமை சுவர் வேலை.
தூசி படாமல் இருக்க
தகப்பனும் மகனும் அலுமாரியை நகர்த்தினார்கள்.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
பழைய ஓட்டை. கடதாசி ஒட்டி, வெள்ளை அடித்து,
மோசமான வேலை.

"இது ஆர்?"
அவர் அரத்தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"நீ ஆறாம் வகுப்பு. மறுத்து எழுதின கடிதம் வந்த அண்டைக்கு."
"நான் வாசிச்சது."
"ஓம். நீ நித்திரையான பிறகு."

கொஞ்ச நேரம்
தேய்க்கும் சத்தம் மட்டும்.
இரண்டு பேரின் இமையிலும் வெள்ளைத் தூள்.

"அந்த மிஸ், பெரியாக்களையும் பார்ப்பாவோ?"
"இல்லை அப்பா. ஆனா வேற இடம் இருக்காம்.
நம்பர் தந்தவ."
இரண்டாவது பூச்சும் காய்ந்தபின்
அவர் கேட்டார்:
"தமிழிலயோ?"

ஏஜன்ட் வந்தாள்,
அடுப்பைப் படம் எடுத்தாள், போனாள்.

அது திரும்ப வராது என்று
நான் யாருக்கும் சத்தியம் செய்யமாட்டேன்.
போன வியாழன் வந்தது.
காது சிவந்ததைக் கண்டேன்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
கதவைத் திறந்து போனான்.
குளிருக்குள் குப்பைத்தொட்டியை
கடகடவென்று தெருவரை இழுத்தான்,
நேராக நிறுத்தினான்,
கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றான்.

அன்று குப்பை நாள் இல்லை.
நாங்கள் யாரும் சொல்லவில்லை.