அந்நியப் பொருட்கள் பதினொன்று

மானியப் படிவத்தின் நாலாவது கேள்வி:
உங்கள் அமைப்பின் வரலாறு,
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.
கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆங்கிலம் எனக்குப் பிந்தி வந்த மொழியாம்,
சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பேனாம்.
சொன்னவள் கிளோடெட்.

சரி.

எழுபத்தொன்பதில் பெர்செக்கினியின் ரயர் கடை நொடித்தது.
சுரங்கம் மூடி, லொறிகள் வேறு ஊர் போனபின்
கார்னெட் ஏரியில் ஆருக்கு வேணும்
ஆளுயர ரயர்?
ஏழு பேர், தலைக்கு நாற்பது டொலர்.
ஏழில் மூன்று பேருக்குத்தான் படம் கீற வரும்.
ஒருத்திக்குத் தறி, ஒருத்தருக்குச் சூளை.
தச்சர் ரெய்யோ லெஹ்தினென்
உள்சுவர் எழுப்ப வந்தவர், கூலி கேட்டு நின்று
கூலிக்குப் பதிலாக உறுப்பினரானார்.
ஏழாவது ஆள் யார் என்பதில்
இன்றைக்கும் சண்டை.

முதல் கண்காட்சி முழுக்க ரப்பர் மணம்.
மழை பெய்தால் இப்போதும், கொஞ்சம்.

சனிக்கிழமைகளில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.
வருகைப் புத்தகத்தில், எண்பத்துமூன்று பெப்ரவரி,
யாரோ பென்சிலால்:
"நாலு பேர். ஒருவர் வழி கேட்டார்.
மூவர் குளிர் காய்ந்தார்கள்.
ஒரு நாய் எல்லாப் படத்தையும் பார்த்தது."

தொண்ணூற்றொன்றில் டெனி
சுவர் கறுப்பாக இருக்கவேண்டும் என்றான்.
வாக்கெடுப்பில் தோற்று, இரவில் தானே அடித்தான்.
காலையில் ரெய்யோ வெள்ளை அடித்தார்.
இரவில் கறுப்பு. காலையில் வெள்ளை.
இரண்டு கிழமை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை,
தூரிகைகளை மட்டும்
ஒரே வாளியில் கழுவிவைத்தார்கள்.
பிறகு டெனி சட்பரிக்குப் போனான்.
ரெய்யோவின் மரணச்சடங்குக்கு வந்தான்,
கறுப்புக் கோட்டுடன்.
வாசலில் யாரோ சிரித்துவிட்டோம்.

நான் வந்தது தொண்ணூற்றாறில்,
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க.
ஒரு சனிக்கிழமை காற்றுக்கு ஒதுங்கி உள்ளே போனேன்,
வெளியே வரும்போது கையில் திறப்பு.
அடுத்த சனி உன்முறை என்றார்கள்.
ஏரியைக் கீறினேன்.
எல்லாரும் ஏரி கீறுகிற ஊரில்
இன்னொரு ஏரி.
விற்கவில்லை, இன்றுவரை.

போன தை மாதம் குழாய் வெடித்தது.
திருத்த வந்தவர் சுவரை
ஒரு பாண் அளவுக்கு அறுத்து எடுத்து
என் மடியில் வைத்துவிட்டு
உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

வெட்டுமுகத்தில் பூச்சுகள்.
வசந்தத்துக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று.
நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.
நடுவே மயிரிழை கனத்தில்
கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை
கறுப்பு வெள்ளை:
அந்த இரண்டு கிழமை, அப்படியே.
கணக்குப் பார்த்தால் எங்கள் கூடம்
சின்னவிரல் நகமளவு ஒடுங்கியிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை.

செய்யக்கூடாத வேலைதான்.
இரவுமுறை, மூன்று மணி, நோயாளி இல்லை.
துவாயில் சுற்றிக் கொண்டுபோய்
மேசையில் படுக்கவைத்தேன்.
மூச்சைப் பிடி என்று
பழக்கத்தில் சொல்லியும் விட்டேன்.

திரையில் ஆணிகள்.
பிடுங்க மனமில்லாமலோ, தலை முறிந்தோ
விட்டுப்போன ஆணிகள்,
மேலே களிம்பு, மேலே வெள்ளை.
என்னென்ன தொங்கின என்று
ஒன்றும் சொல்லவில்லை.
வளைந்த ஒன்றை மட்டும் எனக்குத் தெரியும்.
ஏரியை மாட்டிய அன்றுதான்
நான் முதன்முதலாகச் சுத்தியல் பிடித்தேன்.

நாலாவது கேள்விக்கு எழுதினேன்:

முன்பக்கத் தோற்றம். முறிவு புதியது.
அந்நியப் பொருட்கள் பதினொன்று, ஒன்று வளைந்தது.
சுற்றியுள்ள இழையம் அவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டது.
அகற்றத் தேவையில்லை.

கிளோடெட் விரல்விட்டு எண்ணினாள்.
பதினைந்து.
இருநூற்று முப்பத்தைந்து மிச்சமிருக்கே,
அதில் கூரையைப் பற்றி எழுது என்றாள்,
கூரைக்குத்தானே காசு கேட்கிறோம்.